ஒரே வளாகம்

குணவதி வீட்டு மாடியின் சோலார் தகடுகளிலிருந்து, மின் இணைப்புக் கிடைக்காத பக்கத்து வீட்டுக்கு ஒரு கம்பி மதிலைத் தாண்டிப் போயிருந்தது. “அக்கா, லைட் எரியுது!” என்று அந்தியில் அந்த வீட்டு ஹமீதா கொடுக்கும் குரலே குணவதிக்கு அன்றாடம் கிடைத்த ஒரே பேச்சு.

ஒருநாள் மின்துறைப் பொறியாளர் வந்தார். “உங்க வீட்டுக்கு நீங்க தயாரிச்சுக்கலாம்மா. அடுத்த வீட்டுக்குக் கொடுத்தா லைசென்ஸ் வேணும்.”

“காசே வாங்கலையே, தம்பி!”

“சும்மா கொடுத்தாலும் சட்டம் அதேதான். ரெண்டும் ஒரே வளாகமா இருந்தா வேற விஷயம்.”

“அப்போ சுவரை இடிச்சுடறேன்.”

மதிலுக்கு அப்பால் ஹமீதா சிரித்தாள். “ஒரு பல்புக்காகச் சுவரையா இடிப்பீங்க? விடுங்கக்கா, எங்களுக்கு நாளைக்கே லைன் வந்துடும்.”

பொறியாளர் இணைப்பைத் துண்டித்துவிட்டுப் போனார். குணவதி கம்பியைச் சுருட்டத் தொடங்கினாள். பாதியில் அது வர மறுத்தது. அந்தப் பக்கத்தில் யாரோ பிடித்திருக்கிறார்கள் என்றெண்ணி, இழுக்காமல் காத்திருந்தாள்.