ஊஞ்சல் மேசை

கண்டியில் புதிதாகத் திறந்த அந்த லவுஞ்ச் உணவகத்தில் கதிரைகளே கிடையாது. மேசைக்கு மேசை, இருவர் அமரும் ஊஞ்சல் தொங்கியது. கிரிஷாந்தன் பக்கத்தில் உட்கார்ந்ததும் ஊஞ்சல் ஆடியது. நிரஞ்சலா சங்கிலியை இறுகப் பிடித்துக்கொண்டாள். கண்கள் கண்ணாடிச் சுவருக்கு வெளியே, வீதியிலேயே இருந்தன.

“சாப்பிடு நிரா, ஆறிப்போகுது.”

“எப்படிங்க இறங்கும்? அண்ணன் பாத்தாருன்னா என்னை உசுரோட விடமாட்டாரு. டாக்டர்கிட்ட பல்லுக் காட்டப் போறேன்னு பொய் சொல்லிட்டு வந்திருக்கேன்.”

“அவரு கலகெதரயில கடையில இருப்பாரு. எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா மட்டும் என்ன, சோறு தண்ணியில்லாமப் படுத்துக்குவாங்க.”

“எத்தனை நாளைக்கு இப்படி ஒளிஞ்சு ஒளிஞ்சு பாக்கிறது?”

“நாளைக்கு எல்லாருக்கும் முன்னால சொல்லிருவோம். தைரியம் வருமா உனக்கு?”

அவள் வாய் திறக்குமுன் கண்ணாடிக் கதவு படாரென்று திறந்தது. கடைக்குச் சாமான் எடுக்க டவுனுக்கு வந்திருந்த அண்ணன் ராஜலிங்கம் வீதியிலிருந்தே பார்த்துவிட்டார்.

“எந்திரிடி! குடும்ப மானத்தையே வாங்கிட்டியே! இவனோட உக்காந்து சாப்பிட வெக்கமாயில்ல?”

ஆடிக்கொண்டிருந்த ஊஞ்சல்களெல்லாம் நின்றன. நிரஞ்சலா சங்கிலியை விடவில்லை. எழுந்திருக்கவுமில்லை.

“கட்டின புருசனோட சாப்பிட எனக்கென்னண்ணே வெக்கம்? நீங்களும் அவங்கம்மாவும் சண்டை போட்டுக்கிட்டு எங்களுக்கு டிவோஸ் கேஸ் போட வச்சீங்க. அந்தக் கேஸ் வேணாம்னு நாளைக்குக் கோர்ட்டுல ரெண்டு பேரும் சொல்லப்போறோம்.”