ஈசாவுக்குப் பதினெட்டு

“கொஞ்சம் சிரிங்கக்கா. பதினஞ்சு வருசம் கழிச்சு ஈசா வர்றான். இப்பிடி மூஞ்சியத் தூக்கி வச்சிட்டா இருப்பாவ?”

ஜுலைஹா பீவியின் தலையை வாரிக்கொண்டே லிண்டா அதட்டினாள். வாரி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. வாருவதற்குப் பெரிதாக முடியும் இல்லை.

வளைகுடா நாட்டுப் பெண்கள் சிறையின் அந்த அறையில் எட்டுக் கட்டில்கள். தமிழ் பேசுகிறவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான். லிண்டா குளச்சல்காரி. சத்வாவில் ஒரு கிளினிக்கில் நர்ஸ் வேலைக்குக் கொடுத்த அனுபவச் சான்றிதழ் போலி என்று பிடிபட்டு ஆறு மாதம் உள்ளே வந்தவள். இன்னும் இருபது நாளில் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஜுலைஹாவின் கதை வேறு. அஜ்மானில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பத்தின் முதலாளியைக் கொன்ற வழக்கு, மரண தண்டனை. செத்தவரின் வாரிசுகள் மன்னித்தால் உயிர் பிழைக்கலாம், இல்லையென்றால் இல்லை. பதினைந்து வருடமாக இழுத்துக்கொண்டிருந்த அந்தப் பதில் இன்றைக்குத் தெரிந்துவிடும் என்று வார்டன் அம்மாள் காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

“அந்தாளு அன்னைக்கு எதுக்கு அடுப்படிக்குள்ள வந்தான்னு நீங்க கோர்ட்டுல சொல்லலியாக்கா?”

“சொன்னேன். பாத்த சாட்சி யாருன்னு கேட்டாங்க. அல்லாவத் தவிர யாரு பாத்தா?”

லிண்டாவுக்கு வாய் சும்மா இருக்காது.

“விடுங்க. ஈசா சும்மாவா வருவான்? அந்த வீட்டுக்காரங்க கால்ல விழுந்தாவது சம்மதிக்க வச்சிட்டுத்தான் வருவான், பாருங்க.”

ஜுலைஹா அலமாரிக் கதவின் உள்பக்கம் ஆணியால் கீறி வைத்திருந்த கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈசாவின் ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் ஒரு கோடு.

“நேத்தோட பதினெட்டு முடிஞ்சிருச்சு அவனுக்கு. வளராமலே இருந்திருக்கக் கூடாதா?”

“எல்லா அம்மாமாரும் இதத்தான் சொல்லுவாவ.”

“மூணு வயசு வரைக்கும் இந்தத் தோள்லதான் கெடந்தான். ஏசி சத்தம் கேக்காட்டி தூங்கவே மாட்டான். கரண்டு போச்சுன்னா அவன் காதுகிட்ட ‘ர்ர்ர்’ருன்னு சத்தம் குடுத்துக்கிட்டே நடப்பேன். அதுல ஏமாந்து தூங்கிருவான் கழுதை.”

சொல்லும்போது சிரித்தாள். லிண்டாவும் சிரித்தாள். அடுத்த நிமிஷமே ஜுலைஹாவின் சிரிப்பு அழுகையாகிவிட்டது.

“சாவப் பயமா இருக்கு லிண்டா. அல்லா மேல பாரத்தப் போட்டுட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்றேன். பொய்யி. ரொம்பப் பயமா இருக்கு.”

லிண்டா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். வேறென்ன செய்ய முடியும்?

“யல்லா, ஜுலைஹா!”

வார்டன் கதவைத் திறந்தாள். ஜுலைஹா எழுந்து நான்கு அடி வைத்தாள், கால் மடங்கிவிட்டது. நர்ஸ்தானே, நீயும் கூட வா என்று வார்டன் லிண்டாவுக்கும் கைகாட்டினாள்.

நீண்ட நடைபாதை முழுக்க ஜுலைஹாவின் உதடுகள் ஓதிக்கொண்டே வந்தன. அவளுடைய பாரம் முழுவதும் லிண்டாவின் தோளில்தான் இருந்தது.

அறையில் ஓர் அதிகாரி, மேசை மேல் ஒரு கோப்பு. எதிரே ஜீன்ஸ் போட்ட ஒல்லியான பையன், இப்போதுதான் மீசை அரும்பியிருந்தது. அவனைக் கண்டதும் ஜுலைஹா இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு ஓடப் பார்த்தாள். வார்டன் குறுக்கே கை வைத்துத் தடுத்தாள். பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

லிண்டா வாசலைத் திரும்பிப் பார்த்தாள். செத்தவர் வீட்டார் ஒருவரையும் காணவில்லை. அவர்கள் வராமலே அதிகாரி கோப்பைப் பிரித்து, ஈசாவிடம் அரபியில் நீளமாக ஏதோ கேட்டார்.

லிண்டாவின் அரபி ‘எங்கே வலிக்கிறது’, ‘மாத்திரையை முழுங்கு’ அளவோடு சரி. கேள்வி அவளுக்கு விளங்கவில்லை. ஆனால் ஈசாவின் பதில் விளங்கியது.

“லா.”

இல்லை என்கிறான். அதிகாரி குரலைத் தாழ்த்தி, நன்றாக யோசித்துச் சொல் என்பதுபோல மறுபடி கேட்டார். மறுபடியும் அதே “லா”. மூன்றாம் முறை கேட்டபோது பையனின் குரல் உடைந்தது. பதில் மாறவில்லை.

அதிகாரி ஒரு தாளை அவன் பக்கம் நகர்த்தினார். அவன் கையெழுத்துப் போட்டான். கோப்பு மூடப்பட்டது.

அப்படியானால் அந்த வீட்டார் மசியவில்லை. பாவிகள், நேரில் வரக்கூட மனசில்லாமல் இதைச் சொல்லும் வேலையை இந்தப் பிள்ளையின் தலையில் கட்டிவிட்டார்களே என்று லிண்டாவுக்கு வயிறு எரிந்தது.

வார்டன் ஜுலைஹாவின் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் நகரவில்லை. மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு கதறினாள்.

“ஈசா, ஒருதடவ என் மூஞ்சியப் பாருப்பா! என்னத் தெரியலையா ஒனக்கு?”

பையன் தலை நிமிர்ந்தான். கண்கள் நிறைந்திருந்தன. தமிழிலேயே சொன்னான்.

“தெரியும். எங்க வாப்பாவக் கொன்னவ.”