சும்மா தட்டுங்க

“கையை எடுங்க! எல்லாரும் கீபோர்டுல இருந்து கையை எடுங்க!”

அதிகாரி தன் அறை வாசலில் நின்று கத்தினார். கருவூல அலுவலகத்தின் பதினோரு பேரும், யாரோ துப்பாக்கியைக் காட்டியதுபோல் கைகளைத் தூக்கினார்கள். அவர் கையில் இருந்தது செல்போன்தான்.

“நேத்து பயிற்சின்னு தட்டினோமே, அது பயிற்சி இல்லையாம். சொல்லிக் குடுக்க வந்த ஆளு நிஜ சிஸ்டத்தையே திறந்து விட்டுட்டுப் போயிருக்காரு. இப்பதான் தலைமை அலுவலகத்துல இருந்து போன்.”

சம்பளப் பிரிவில் உட்கார்ந்திருந்தவள் தூக்கிய கையை இறக்கவே இல்லை.

“அப்ப நான் மூணு கோடிக்குப் பாலம் கட்டி பில் போட்டேனே சார், அந்தப் பாலம் வந்துடுமா?” என்றார் தபால் பிரிவுக்காரர். நாலைந்து பேர் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை.

“போலி எண்ணையெல்லாம் சிஸ்டம் துப்பிடுச்சு. நிஜ எண் போட்ட ரெண்டு பதிவு மட்டும் உள்ள போயிருக்கு. ரெண்டும் ஒரே கட்டா ஏறிட்டதால, ஒண்ணை வச்சுக்கிட்டு ஒண்ணை எடுக்க முடியாதாம். ரத்து பண்ணா ரெண்டையும் பண்ணணும், ஏத்துக்கிட்டா ரெண்டையும் ஏத்துக்கணும். நாலு மணிக்குள்ள நான் பதில் சொல்லணும்.”

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்த இரண்டில் ஒன்று யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

முன்பெல்லாம் ஒரு மாறுதல் ஆணை ஏழு மேசை தாண்ட வேண்டும். இனி பட்ஜெட், பில், சம்பளம், ஓய்வூதியம் எல்லாம் ஒரே சிஸ்டம். ஓரிடத்தில் தட்டினால் மற்றதெல்லாம் தானே நகரும் என்று நேற்று சொன்னார் பயிற்சி கொடுக்க வந்தவர். “ஒரு பில் போடுங்க, ஒரு மாறுதல் போடுங்க, ஒரு ஓய்வு போடுங்க. சும்மா தட்டுங்க, ஒண்ணும் ஆகாது” என்று சொல்லி, ஒப்புதல் கொடுப்பதற்கான கடவுச்சொல்லையும் பலகையில் எழுதிப் போட்டார்.

எல்லாரும் கையேட்டில் இருந்த போலி எண்களைப் போட்டார்கள். அவள் தன் சொந்த ஊழியர் எண்ணைப் போட்டாள். மாறிப் போகும் இடத்தில், கணவனும் மகளும் இருக்கும் ஊரைப் போட்டாள். ஒப்புதலையும் அவளே அழுத்தினாள்.

‘மாறுதல் ஆணை பிறப்பிக்கப்பட்டது’ என்று பச்சை எழுத்தில் வந்தது. டீ ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எழுந்தபோது கடைசி வரிசையில் அதிகாரி மட்டும் ஒற்றை விரலால் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்.

“பாவம், மனுசன் இன்னும் எழுத்தைத் தேடிக்கிட்டிருக்காரு” என்று காதோடு சொன்னார் தபால் பிரிவுக்காரர்.

ஆறு வருடம். நாலு மனு. நாலு முறையும் அதிகாரி மேசையோடு சரி. “ஆள் இல்லம்மா. நான் மட்டும் என்ன, ஆசைப்பட்டா இங்க உக்காந்திருக்கேன்?” என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

போன வாரம் போனில் மகள், “நீங்க எப்ப வருவீங்க?” என்று கேட்டாள். எப்போதும் “நீ எப்பம்மா வருவே?” என்று கேட்கிற பிள்ளை. பெற்றவள் விருந்தாளியாகிவிட்டாள்.

இன்று மதியம் அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. ரத்து செய்துவிட்டால் தப்பித்தோம் என்று நினைத்தாள். ரத்தாகிவிடக் கூடாதே என்றும் நினைத்தாள். மூன்றரை மணிக்கு, விசாரணை வந்து மாட்டிக்கொள்வதைவிட நாமே சொல்லிவிடுவது மேல் என்று எழுந்தாள்.

அதிகாரி ஜன்னலைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

“சார், அந்த மாறுதல்...”

“தெரியும்மா. லிஸ்ட் வந்துடுச்சு. வராட்டியும் உன் எண் எனக்கு மனப்பாடம். நாலு மனுவுல பாத்திருக்கேனே.”

“பயிற்சின்னுதான் சார் நெனச்சேன். சத்தியமா. ரத்து பண்ணிடுங்க. மெமோ மட்டும் குடுத்துடாதீங்க, வேலை போனா எங்க வீடு தாங்காது.”

“ஏத்துக்கறோம்னு பதில் அனுப்பிட்டேன்.”

அவளுக்குச் சட்டென்று விளங்கவில்லை.

“உன் சம்பளம் இந்த மாசத்துல இருந்து அந்த ஊர்லதான் வரும். திங்கக்கிழமை போய்ச் சேர்ந்துக்கோ.”

நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். நாலு மனுவையும் திருப்பிக் கொடுத்த மனிதரா இவர்? அவர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்தார். பாவமாக இருந்தது அவரைப் பார்க்க.

“நாளைக்கு மேல இருந்து கேட்டா உங்களுக்குத்தானே சார் கெட்ட பேரு? எனக்காகப் போயி... உங்களுக்குப் பெரிய மனசு சார்.”

அவர் நிமிரவில்லை. துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.

“பெரிய மனசெல்லாம் இல்லம்மா. அந்த இன்னொரு பதிவு, என்னோட விருப்ப ஓய்வு.”