அரசாங்க வளையம்

"விழுந்திட்டுது. இதுவும் தள்ளுபடி."

சங்குப் பரிசோதகர் ராஜரத்தினம் வளையத்தை உயர்த்திப் பிடித்தபடி தீர்ப்புச் சொன்னார். அதற்குள்ளால் நழுவிய சங்கு மேசையில் உருண்டு, ஏற்கெனவே தள்ளுபடியான நாற்பதோடு போய்ச் சேர்ந்தது.

எதிரே நின்ற புனிதமலர், அவர் சொல்லாமலே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஐயா, போன வருசமும் இதே கடல், இதே அளவுச் சங்கு. ஒண்டும் விழேல்லையே?"

"போன வருசத்துக் கதை இஞ்ச வேண்டாம். இரண்டேகால் அங்குல விட்டத்துக்குக் குறைஞ்ச சங்கு நாட்டை விட்டுப் போகக்கூடாது. வளையத்துக்குள்ளால விழுந்தால் குறைவு. விழாட்டில் சரி. இது நான் போட்ட சட்டமில்லை, அரசாங்கம் போட்டது."

'அரசாங்கம்' என்று சொல்லும்போதெல்லாம் ராஜரத்தினம் ஒரு அங்குலம் உயர்ந்துவிடுவார். ஏற்றுமதி இறக்குமதியைத் திறந்துவிட்டோம் என்று கொழும்பு அறிவித்து இரண்டு வருடமாகிவிட்டது. ஆனாலும் முல்லைத்தீவிலிருந்து கல்கத்தாவுக்கு அவருடைய முத்திரை இல்லாமல் ஒரு சங்கும் நகராது. வீட்டின் முன்னறைதான் அலுவலகம். அங்கே ஒரு மேசை, ஒரு முத்திரை, கறுப்பு நாடா சுற்றிய அந்த வளையம். இரண்டு நாட்டு வர்த்தகத்தில் பாதி தன் மேசையில்தான் நடக்கிறது என்று அவர் நம்பினார். மீதிப் பாதியைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை.

வாசலில் எட்டுச் சாக்குகள் கிடந்தன. புனிதமலரின் கணவன் சூசைப்பிள்ளையும் அவளுடைய இரண்டு தம்பிமாரும் மூன்று மாதம் சங்கு குளித்துச் சேர்த்தவை. பிற்பகல் மூன்று மணிக்குக் கொழும்பு லொறி. முத்திரை விழாவிட்டால் சாக்குகள் பறிமுதல். அவளுடைய அனுமதிப்பத்திரமும் அதோடு ரத்து.

அவள் பைக்குள்ளிருந்து ஒரு அடிமட்டத்தை எடுத்துச் சங்கின் மேல் வைத்தாள்.

"பாருங்கோ ஐயா, இரண்டேகாலைத் தாண்டி நிக்குது."

"அது பள்ளிக்கூடப் பிள்ளையளின்ர மட்டம். அதுக்கு அரசாங்க வர்த்தமானி அறிவித்தல் இருக்கோ?"

"அப்ப அந்த வளையத்தை ஒருக்கா இந்த மட்டத்தால அளந்து பாப்பம்."

ராஜரத்தினம் வளையத்தைச் சட்டென்று மார்போடு அணைத்துக்கொண்டார்.

"என்ன கதை கதைக்கிறீர்? சட்டத்தை நீர் அளக்கிறதோ? சட்டம்தான் உம்மை அளக்கும்!"

அந்த வசனம் அவருக்கே பிடித்துப்போயிற்று. மெதுவாக இன்னொரு முறையும் சொல்லிப் பார்த்தார்.

புனிதமலர் அசையவில்லை. பைக்குள் மறுபடி கையை விட்டு ஒரு சங்கை எடுத்து மேசையில் வைத்தாள். அதன் முதுகில் சிவப்பு மையில் முத்திரை.

"போன வருசம் நீங்கள் அளந்து குத்தினது. மாதிரிக்கு எண்டு வைச்சிருந்தனான். இதை விட்டுப் பாருங்கோ."

"தேவையில்லை."

"உங்கட முத்திரைக்கு நீங்களே பயந்தால் எப்பிடி ஐயா?"

மானம் போகிற கேள்வி. ராஜரத்தினம் சங்கை வளையத்துக்குள் விட்டார். அது எங்கும் முட்டாமல் சுகமாக விழுந்தது.

அவர் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சுருங்கியிருக்கும்," என்றார் அவர்.

"சங்கோ?"

"வன்னி வெயில் அப்பிடி. விஞ்ஞானம் படிச்ச ஆக்களுக்கு விளங்கும்."

"நல்லது." ஒரு வெள்ளைத்தாளை அவர் முன்னால் நகர்த்தினாள். "வன்னி வெயிலுக்குச் சங்கு சுருங்கும் எண்டு எழுதி, கையெழுத்தும் வைச்சுத் தாங்கோ. கொழும்பில உங்கட மேலிடத்துக்கு அனுப்பிறன். அவை பாத்துச் சட்டத்தை மாத்தட்டும்."

ராஜரத்தினம் பேனா மூடியைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"நீர் இப்ப போயிட்டு நாளைக்கு வாரும்."

"லொறி இண்டைக்கு ஐயா. காதால இரத்தம் வர வர என்ர மனுசன் கடலுக்கடியில தாண்டு எடுத்த சங்கு. ஒண்டில் முத்திரையைக் குத்துங்கோ, இல்லாட்டில் சுருங்கினதை எழுதுங்கோ. ரெண்டில ஒண்டு கிடைக்காமல் நான் இந்தக் கதிரையால எழும்பமாட்டன்."

"பொலிசைக் கூப்பிடுவன்!"

"கூப்பிடுங்கோ. அவையிட்டையும் ஒரு அடிமட்டம் இருக்கும்."

சுவர் மணிக்கூட்டில் இரண்டேகால். ராஜரத்தினத்தின் நெற்றி வேர்வை வெள்ளைத்தாளில் சொட்டியது. அவர் எழுதிய முதல் எழுத்தும் அதுதான்.

அந்த நேரம் உள்ளறைத் திரைச்சீலை விலகியது. பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவுமாக அவருடைய மனைவி கமலேஸ்வரி விறுவிறுவென்று வந்தாள்.

"இஞ்சருங்கோ, கலியாண வீட்டுக்கு நேரமாகுது. அதைத் தாங்கோ இஞ்சால!"

அவர் தடுப்பதற்குள் வளையத்தைப் பறித்துக் கறுப்பு நாடாவை உரித்தாள். உள்ளே பூவேலை செய்த காப்பு ஒன்று மினுங்கியது. அதை லாவகமாகக் கையில் ஏற்றியவள், மறு கையில் பிடித்திருந்த சின்னக் காப்பொன்றை மேசையில் வைத்தாள்.

"அரசாங்கம் தந்த வளையத்தைத் துலைச்சுப்போட்டு வருசா வருசம் என்ர காப்பைத் தூக்கிறியள், சரி. இந்த வருசம் நான் உடம்பு வைச்சு இரண்டரை அங்குலக் காப்புக்கு மாறினதையாவது கவனிக்கவேண்டாமே? இந்தாங்கோ, போன வருசத்து இரண்டேகால். இதால அளந்து அந்தப் பிள்ளையை அனுப்புங்கோ!"