முதலில் யாருடைய பெயர்

"யாழ்ப்பாணத்தின்ரை கல்வி வரலாறே இண்டைக்குத் திரும்புது," என்றபடி பணிப்பாளர் செல்வத்துரை அரியாலை அச்சகத்துக்குள் நுழைந்தார். பள்ளி மாணவருக்குப் பல்கலைக்கழகப் பாடம் நடத்தும் இரண்டு நிலையங்கள் சேர்ந்து வழங்கும் முதல் சான்றிதழ் அது. அதில் எந்த நிலையத்தின் பெயர் முதலில் வருவது என்று தீர்மானிக்க இரண்டு வருடம் பிடித்தது.

கணினி முன் இருந்த பெண், "மாணவியின்ரை பேர், சேர்?" என்றாள்.

"தயாளினி சிவசுப்பிரமணியம். இங்கிலீசிலை எழுத்துச் சொல்லவோ, பிள்ளை? பிழைச்சுதெண்டால் திரும்பவும் கூட்டம் போடோணும்."

"வேண்டாம், சேர்." தட்டி முடித்தாள்.

"நல்ல கெட்டிக்காரி. இதைக் காட்டினால் கம்பஸிலை உடனை எடுப்பினம்."

"போன வருசமே கம்பஸிலை இதைக் கேட்டவை, சேர். என்னட்டை இல்லையெண்டு சொன்னன். பிறகுதான் இஞ்சை வேலைக்கு வந்தனான்."

அந்தப் பாடத்தை அவளுக்கு ஒரு வருடம் படிப்பித்தவர் செல்வத்துரைதான்.