மூன்றாவதுதான் வேகம்

சாலைக் கடைத்தெருவில் இரும்புச் சாமான் மொத்த வியாபாரம் செய்யும் குற்றாலலிங்கத்துக்கு கிளவுட் என்ற சொல்லே பிடிக்காது. கடையில் எடுக்கும் படம் வீட்டுக் கம்ப்யூட்டருக்குத் தானாகப் போக வேண்டும் என்று மகள் மீனுதான் மூன்று கிளவுட் கம்பெனிகளைப் பார்த்து வைத்திருந்தாள். அவர் கடையிலிருந்து படம் போடுவார். வந்ததா என்று அவள் வீட்டிலிருந்து போனில் சொல்வாள்.

முதல் கம்பெனியைச் சோதித்த அன்று எதிர்க்கடைக்காரர் இறந்திருந்தார். தெரு வழக்கப்படி எல்லாக் கடைகளும் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தன. இறந்தவர் கடை மட்டும் முழுதாக அடைத்திருந்தது. அதைத்தான் படம் எடுத்துப் போட்டார். படம் வீட்டுக்குப் போவதற்குள் பிணம் சுடுகாட்டுக்குப் போய்விட்டது.

"மாட்டுவண்டி," என்றார்.

இரண்டாவது, ஆணிப்பெட்டியின் படத்தை மங்கலாக்கி அனுப்பியது.

"ஆணியா ஊசியான்னு தெரியல. இதுக்கு ஒரு கம்பெனி."

மூன்றாவதற்காக இன்று காலை செல்போனைக் கையில் எடுத்தார். அதற்குள் மீனு கூப்பிட்டாள்.

"வந்தாச்சுப்பா. இதுதான் ஸ்பீடு, கேட்டோ."

"ஏட்டி, நான் இன்னும் எடுக்கவே இல்ல. இருக்கறதுலயே உருப்படாதது இதுதான்."

"நம்ம தெருதான்பா. எல்லாக் கடையும் பாதி இறக்கியிருக்கு."

"அது அன்னிக்கு எடுத்த படம். பழசத் தூக்கிப் போட்டிருக்கான்."

"இல்லப்பா. எதிர்க்கடை பாதிதான் இறக்கியிருக்கு. முழுசா அடைச்சிருக்கது நம்ம கடை."

குற்றாலலிங்கம் நிமிர்ந்து பார்த்தார். தலைக்கு மேல் ஷட்டர் முழுதாக ஏறித்தான் இருந்தது.

"குப்பை. அழிச்சுப் போடு."

"அழிச்சேன்பா. திரும்பவும் வந்திருக்கு."