லிஸ்பனில் இறங்கிய படை

எஸ்கில் ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடக்கும்போது, ஹால்வார் அவனுடைய போர்ச்சுகல்மேல் படையெடுத்துவிட்டான்.

கம்ப்யூட்டர் விளையாட்டுதான். ஆனாலும் உப்சாலாவில், ரூனே வீட்டுச் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி, நாலு வருஷமாக ஞாயிறு தவறாமல் நாலு பேர் ஆளுக்கொரு லேப்டாப்போடு உட்கார்ந்து ஆண்டுவரும் உலகம் அது. எஸ்கிலுக்குப் போர்ச்சுகல். ரூனேவுக்குப் பக்கத்து ஸ்பெயின். தூராவுக்கு பிரான்ஸ், ஹால்வாருக்கு இங்கிலாந்து.

யாராவது வர முடியாமல் போனால் அவர் நாட்டைக் கம்ப்யூட்டர் நடத்தும். அந்த நாட்டை மற்றவர்கள் தொடக் கூடாது. அதுவாக வம்புக்கு வந்தால் மட்டும் திருப்பி அடிக்கலாம். இது ரூனே போட்ட சட்டம்.

எஸ்கிலுக்கு ரத்தப் புற்று. ஆறு வாரமாக அவன் நாட்டுக்குக் கம்ப்யூட்டர்தான் ராஜா. "நான் திரும்பி வர்றப்போ என் நாடு இருக்கணும்டா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

"ஹால்வார், லிஸ்பன்ல நிக்கறது உன் கப்பலா?" தூராவால் நம்ப முடியவில்லை.

"ஆமா."

"கை தவறி அழுத்திட்டியா?"

"இல்ல. தெரிஞ்சுதான்."

ரூனே காபிக் கோப்பையை ணங்கென்று வைத்தான். "மனுஷனாடா நீ? அவன் அங்க முடி கொட்டிப் படுத்திருக்கான். நீ இங்க அவன் ஊரைக் கொளுத்தறியா?"

"எதையும் கொளுத்தல. அரை மணி நேரம் குடு, முடிச்சிடறேன்."

"கூச்சமே இல்லாம நேரம் வேற கேக்கறான் பாரு!"

"நீ பக்கத்துலதானே இருக்கே ரூனே, போய்க் காப்பாத்தேன்" என்றாள் தூரா.

"என் படை மொத்தமும் ஆப்பிரிக்காவுல மாட்டிக்கிட்டிருக்கு. இல்லேன்னா பாத்துக்கிட்டு இருப்பேனா?"

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கம்ப்யூட்டர் ராஜா தத்துப்பித்தென்று சண்டை போட்டுத் தோற்றுச் சமாதானத்துக்கு வந்தார். ஹால்வார் ஒரு ஊரைக்கூடப் பிடுங்கவில்லை. அவன் போட்டது ஒரே நிபந்தனை. போர்ச்சுகல் இனி இங்கிலாந்துக்கு அடங்கிய நாடு.

ரூனேவுக்கு அதுதான் இன்னும் எரிந்தது. "நாலு ஊரைப் பிடுங்கியிருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன். ராஜாவா இருந்தவனை உன் காலடியில உக்கார வெச்சிட்டியே! ஏதாவது சொல்லேன்டா!"

ஹால்வார் வாயைத் திறந்தான். தூராவை ஒரு தரம் பார்த்தான். மூடிக்கொண்டான்.

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல."

"அப்ப கிளம்பு. அடுத்த ஞாயிறு இந்தப் பக்கம் வராதே."

தூராவும், "ஆமா, அதான் நல்லது" என்றாள்.

ஹால்வார் தன் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். வாசலில் குனிந்து பூட்ஸை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அவன் வாங்கி வந்த இலவங்கப்பட்டை பன் அப்படியே இருந்தது. யாருக்கும் தின்ன மனசு வரவில்லை.

மறுநாள் வேலை முடிந்த கையோடு ரூனே ஆஸ்பத்திரிக்குப் போனான். நியாயம் கேட்கத் தன் பக்கம் ஒருத்தன் இருக்கிறான் என்று எஸ்கிலுக்குத் தெரிய வேண்டாமா?

கையில் ஊசியும் பிளாஸ்திரியுமாக இருந்த எஸ்கில் ஆதியோடு அந்தமாகக் கேட்டான். "அடங்கிய நாடு ஆயிடுச்சா? முடிச்சிட்டானா?" என்று கேட்டுவிட்டு, அப்பாடா என்று தலையணையில் சாய்ந்தான்.

"என்னடா, உனக்குக் கோவமே வரலியா?"

"நான்தான் செய்யச் சொன்னேன்."

ரூனே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"கம்ப்யூட்டருக்கு ஒப்பந்தம், நட்பு எல்லாம் பேச்சுக்குத்தான். பக்கத்து நாட்டு எல்லையில எத்தனை சிப்பாய்னு எண்ணும். ஆள் இல்லேன்னா பாஞ்சிடும். ஆனா இன்னொருத்தருக்கு அடங்கிட்டா, அதால தானா போர் தொடங்க முடியாது. நான் வந்ததும் ஹால்வார் விடுதலை குடுத்துடுவான்."

"அது எதுக்கு இப்ப அவசரமா..."

"தூரா வாராவாரம் வரைபடத்தைப் படம் பிடிச்சு அனுப்பறா. மூணு வாரமா உன் எல்லையில ஒரு ஆள் இல்ல, ரூனே."

"ஆப்பிரிக்காவுல..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை. ஆப்பிரிக்காவில் சண்டையே இல்லை. அவன் படை கடற்கரையில் கப்பலைக் கட்டிவைத்துக்கொண்டு சும்மா நின்றிருந்தது, போர்ச்சுகல் எப்போது பாயும் என்று பார்த்துக்கொண்டு. பாய்ந்துவிட்டால் சட்டப்படி திருப்பி அடிக்கலாம். லிஸ்பன்மேல் அவனுக்கு நாலு வருஷமாகக் கண்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. எஸ்கிலின் முகத்தைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஹால்வாருக்கும் இது தெரியுமா?"

"தெரியாமலா?"

"அப்புறம் ஏன்டா சொல்லல? அத்தனை பேச்சுப் பேசினேனே! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வாயை மூடியிருப்பேனே."

"உன்கிட்ட சொல்லிட்டே செய்யின்னுதான் நானும் சொன்னேன்" என்றான் எஸ்கில். "'அவன் வீட்டுலயே உக்காந்து, தூரா முன்னாடி அவனைத் திருடன்னு சொல்லச் சொல்றியா? என்னை நாலு திட்டு திட்டிட்டுப் போகட்டும், விடு'ன்னுட்டான்."